துணி காயும் கணக்கு: ஆவியாதலைப் பிள்ளைகளோடு ஒரு பாடவேளையில் சோதிப்பது எப்படி

"ஈரத்துணி எப்போது சீக்கிரம் காயும்?" என்று ஆறாம் வகுப்பில் கேட்டால் இரண்டே நிமிடத்தில் எல்லா விடையும் வந்துவிடும். வெயில் அடித்தால் காயும், காற்றடித்தால் காயும், உதறி விரித்துப் போட்டால் காயும், மழைநாளில் காயவே காயாது. கையில் தடவிய சானிடைசர் ஏன் தண்ணீரைவிடச் சட்டென்று போகிறது என்றுகூட ஒரு பிள்ளை கேட்கும். வெப்பநிலை, காற்றோட்டம், புறப்பரப்பு, காற்றின் ஈரப்பதம், திரவத்தின் தன்மை என்று பாடத்தில் வரும் ஐந்தும் அங்கேயே இருக்கின்றன. மொட்டை மாடியில் வடகம் பிழிந்த வீட்டுப் பிள்ளைக்கும் கடற்கரையில் கருவாடு காயவைக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அவர்களுக்குத் தெரியாதது பிரிப்பது. வெயிலில் போட்ட துணி சூட்டால் காய்ந்ததா, அங்கே வீசிய காற்றால் காய்ந்ததா? இரண்டும் சேர்ந்துதான் என்றால் எது எவ்வளவு? இந்தக் கேள்வியை விட்டுவிட்டு ஐந்து காரணிகளையும் கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்வார்கள், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் மாற்றி மற்ற நான்கையும் அசையாமல் பிடித்து வைப்பதுதான் இந்தப் பாடத்தின் உண்மையான வேலை. அது தோன்றுகிற அளவுக்குச் சுலபமில்லை.

தட்டிலும் டம்ளரிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, மறுநாள் பார்க்கும் பழைய சோதனையை எடுத்துக்கொள்வோம். இது எங்கும் செய்யப்படுகிறது. பாதி நேரம் சொதப்புகிறது. ஜன்னல் ஓரத்தில் வைத்தால் காக்கை குடித்துவிடும். மறுநாள் வரும்போது தட்டு முழுக்கக் காய்ந்திருந்தால் எத்தனை மணிக்குக் காய்ந்தது என்று தெரியாது. இவை சின்னக் குறைகள். பெரிய குறை வேறு. 100 மி.லி. தண்ணீரை டம்ளரில் ஊற்றினால் நீர்மட்டம் விளிம்புக்கு வெகு கீழே நிற்கும். மேலே உள்ள காலி இடத்தில் ஈரக் காற்று தேங்கி நிற்கும். மின்விசிறிக் காற்று உள்ளே போகாது. ஆகவே மாறியது புறப்பரப்பு மட்டுமல்ல, காற்றோட்டமும் ஈரப்பதமும் சேர்ந்து மாறிவிட்டன. வெயிலில் வைத்தால் பரந்த தட்டின் ஒன்றரை மில்லிமீட்டர் தண்ணீர் டம்ளர் தண்ணீரைவிட வேகமாகச் சூடேறும், வெப்பநிலையும் மாறிவிட்டது. விடை சரியாகத்தான் வரும், ஆனால் அது தவறான சோதனையில் கிடைத்த சரியான விடை.

இந்தச் சோதனையையே செய்தாக வேண்டுமானால் இரண்டு பாத்திரத்திலும் தண்ணீர் விளிம்புக்கு ஒரு செ.மீ. கீழே வரை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நிழலில் வையுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசில் வைத்து எடை குறியுங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள தட்டின் பரப்பு ஏறக்குறைய 700 சதுர செ.மீ.; 7 செ.மீ. வாயுள்ள டம்ளருக்கு 38 தான். விசிறி ஓடாத அறையில் தட்டு மணிக்குப் பத்து கிராம் அளவில் இழக்கும்போது டம்ளரில் தராசு முள் அசையாதது போலவே இருக்கும். பதினெட்டு மடங்கு வித்தியாசம் என்று பிள்ளைகளே வகுத்துச் சொல்லட்டும்.

ஆனாலும் பாத்திரத்தில் நிற்கும் தண்ணீர் நாற்பது நிமிடப் பாடவேளைக்கு ஒத்துவராது. துணிக்கு மாறிவிடுவது நல்லது.

துணியும் சிரிஞ்சும்

பழைய பருத்தி வேட்டி ஒன்று போதும். 20 செ.மீ.க்கு 20 செ.மீ. சதுரங்களாக வெட்டிக்கொள்ளுங்கள், ஒரு குழுவுக்கு இரண்டு. புது வேட்டி வேண்டாம். அதில் கஞ்சி ஏறியிருக்கும், தண்ணீர் ஊறாமல் முத்து முத்தாக உருண்டோடும். புதுசுதான் கிடைத்தது என்றால் இரண்டு முறை துவைத்துவிட்டு வெட்டுங்கள். சேலைத் துணியில் பாலியெஸ்டர் கலந்திருந்தால் அதிலும் நீர் சீராகப் பரவாது.

மருந்துக்கடையில் 5 மி.லி. சிரிஞ்சு வாங்கி, ஊசியைப் பிரிக்காமல் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு துணியிலும் 5 மி.லி. தண்ணீரை அங்கங்கே தெளித்து, மடித்து ஒருமுறை அழுத்தினால் சீராக ஊறிவிடும். துணியை வாளியில் முக்கிப் பிழிவது கூடவே கூடாது. பையன் பிழிந்த துணியும் பக்கத்துப் பெண் பிழிந்த துணியும் ஒரே ஈரத்தில் இருக்காது. அதோடு சோதனை முடிந்தது. 5 மி.லி. என்பதற்கும் காரணம் உண்டு. இந்த அளவுத் துணியில் அதற்கு மேல் ஊற்றினால் கீழ் ஓரத்தில் சொட்டத் தொடங்கும். சொட்டியதையும் ஆவியானதாகவே தராசு கணக்கில் சேர்த்துவிடும்.

5 கிராம் தண்ணீரைச் சமையல் தராசில் அளப்பது சிரமம்; ஒரு கிராம் பிசகினாலே ஐந்தில் ஒரு பங்கு பிழை. நகை எடை பார்க்கும் கையடக்கத் தராசு 0.01 கிராம் வரை காட்டும். அது இல்லாவிட்டால் சட்டை மாட்டும் ஹேங்கரே தராசு. கொக்கியை நூலில் கட்டித் தொங்கவிட்டு, இரு முனைகளிலும் துணிக் கிளிப் மாட்டி, உலர்ந்த துணிகளைத் தொங்கவிட்டுச் சமன் செய்யுங்கள். கிளிப்புகளின் எடை ஒத்துவராவிட்டால் இலேசான பக்கம் கொஞ்சம் களிமண் ஒட்டலாம். பிறகு ஈரப்படுத்தி மாட்டினால், முதலில் காயும் பக்கம் மெல்ல மேலே ஏறும். எண்ணைவிட இந்த ஏற்றம்தான் சின்னப் பிள்ளைகளின் கண்ணில் படும். ஒரே ஒரு எச்சரிக்கை: தராசில் தொங்கும்போதே விசிறக் கூடாது. காற்று துணியைத் தள்ளும், தராசு பொய் சொல்லும். கழற்றி, விசிறி, மீண்டும் மாட்ட வேண்டும்.

எப்போது காய்ந்தது என்று தொட்டுப் பார்த்து முடிவு செய்வதைத் தவிர்க்கலாம். கையால் தொட்டால் காய்ந்தது போல இருக்கும் துணியைக் கன்னத்தில் வைத்தால் குளிரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடை பார்த்து, போன தண்ணீர் எவ்வளவு என்று எழுதுவதே சண்டையில்லாத வழி.

புறப்பரப்புக்கு ஒரு துணியை விரித்தும் இன்னொன்றை நான்காக மடித்தும் ஒரே கொடியில் அருகருகே மாட்டுங்கள். காற்றோட்டத்துக்கு இரண்டையும் விரித்தே மாட்டி, ஒன்றை விசிறிக்கு அடியிலும் மற்றதை மேல்பக்கம் திறந்த அட்டைப்பெட்டிக்குள்ளும் தொங்கவிடுங்கள். விசிறிக்கு அடியில் உள்ளது சுமார் பத்துப் பதினைந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். பெட்டிக்குள் உள்ளது மணி அடிக்கும்போதும் ஈரமாகவே இருக்கும். மின்சாரம் போனால் பனையோலை விசிறி. அது இன்னும் நல்லது, விசிற ஆள் போட்டி போடும்.

வாயால் ஊத விடாதீர்கள். ஊதும் மூச்சு உடல்சூட்டில், ஈரத்தோடு வருகிறது. கண்ணாடியில் ஊதினால் படியும் பனியே சாட்சி. காற்றோட்டம், வெப்பம், ஈரப்பதம் மூன்றும் ஒரே ஊதலில் மாறிவிடும். தலைமுடி உலர்த்தும் இயந்திரமும் அப்படித்தான். சூடு வராத பொத்தான் இருந்தால் மட்டும் பயன்படுத்தலாம்.

காற்று ஏன் உலர்த்துகிறது என்று கேட்டால் "காற்று ஈரத்தை அடித்துக்கொண்டு போகிறது" என்பார்கள். தவறில்லை, ஆனால் எந்த ஈரத்தை என்பதைப் பிடித்துக் கேட்க வேண்டும். துணியை ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலத்தில் நீராவி நிறைந்துவிடுகிறது. துணியிலிருந்து வெளியேறும் நீர்த் துகள்களில் பல மீண்டும் துணிக்கே திரும்புகின்றன. அந்தப் படலத்தை விலக்கி, உலர்ந்த காற்றைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் விசிறியின் வேலை. இது புரிந்தால் ஈரப்பதம் தனிப் பாடமாகத் தோன்றாது.

சூடு: வெயிலை நம்பாதீர்கள்

வெப்பநிலையைச் சோதிக்க ஒரு துணியை வெயிலிலும் ஒன்றை வகுப்பறையிலும் போடுவதுதான் முதலில் தோன்றும். வெளியே காற்று வேறு, உள்ளே காற்று வேறு. அதனால் அது ஆகாது.

ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள், மூடியோடு. ஒன்றில் 55 டிகிரி அளவில் வெந்நீர், மற்றதில் குழாய்த் தண்ணீர். 5 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளமுள்ள இரண்டு துணிப்பட்டைகளில் 1 மி.லி. வீதம் தண்ணீர் விட்டு, டம்ளருக்கு ஒன்றாகச் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள். மூடி கட்டாயம், இல்லையென்றால் வெந்நீரிலிருந்து எழும் ஆவி மேல் ஓரத்துத் துணியில் படியும். வெந்நீர் டம்ளரின் பட்டை பத்து நிமிடத்துக்குள் காய்ந்துவிடும், மற்றது அப்படியே இருக்கும். வெந்நீரை ஆசிரியர்தான் ஊற்ற வேண்டும், பட்டையை முதலில் கட்டிவிட்டுப் பிறகு ஊற்றினால் விரல் சுடாது.

இந்த இடத்தில் ஒரு பழைய குழப்பம் வெளியே வரும். "நூறு டிகிரியில்தானே தண்ணீர் ஆவியாகும்?" கொதிப்பதும் ஆவியாவதும் ஒன்றென்றே பல பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். கொதிக்கும்போது திரவத்தின் உள்ளேயே குமிழி பிறக்கிறது. ஆவியாதல் மேற்பரப்பில் மட்டும், எந்த வெப்பநிலையிலும் நடக்கிறது. குழாய்த் தண்ணீர் பட்டையும் மெதுவாகக் காய்கிறதே என்று காட்டினால் போதும், நீண்ட விளக்கம் தேவையில்லை. வெந்நீரின் மேல் தெரியும் வெள்ளைப் புகையை நீராவி என்று சொல்லாதீர்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது, தெரிவது அது குளிர்ந்து உண்டான நுண்துளிகள்.

சொட்டு எண்ணினால் வரும் வம்பு

வேறு வேறு திரவங்களை ஒப்பிடும் சோதனைதான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. ஏமாற்றுவதும் அதுதான். தண்ணீர், சர்ஜிக்கல் ஸ்பிரிட், அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கி, தேங்காய் எண்ணெய் ஆகிய நான்கும் போதும். எவர்சில்வர் தட்டில் மூன்று மூன்று சொட்டு விட்டால் அசிட்டோன் கண்ணெதிரே மறையும், அடுத்து ஸ்பிரிட், வெகுநேரம் கழித்துத் தண்ணீர். எண்ணெய் அடுத்த வாரமும் இருக்கும். வரிசை சரி. ஆனால் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அசிட்டோன் விழுந்தவுடன் ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகப் படர்ந்திருக்கும். தண்ணீர் குமிழாகக் குவிந்து நிற்கும். அசிட்டோன் சீக்கிரம் போனதற்கு அதன் தன்மை காரணமா, பரந்த புறப்பரப்பு காரணமா? இரண்டும்.

அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பிசகு உண்டு. ஒரே சொட்டுக்குழாயில் விழுந்தாலும் அசிட்டோன் சொட்டு தண்ணீர்ச் சொட்டைவிடச் சிறியது. தண்ணீரின் பரப்பு இழுவிசை அசிட்டோனைப் போல மூன்று மடங்கு என்பதால் தண்ணீர்ச் சொட்டு பெருத்த பிறகுதான் குழாயை விட்டு விழுகிறது. மூன்று சொட்டுக்கு மூன்று சொட்டு என்பது சம அளவே அல்ல. ஆகவே 1 மி.லி. சிரிஞ்சில் கால் மி.லி. அளந்து, 5 செ.மீ. துணிச் சதுரங்களில் விடுங்கள். துணி எல்லாத் திரவத்தையும் ஏறக்குறைய ஒரே பரப்பில் பிடித்து வைத்துக்கொள்ளும். அசிட்டோன் எடுத்த சிரிஞ்சை உடனே காலி செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ரப்பர் சிக்கிக்கொள்ளும்.

சானிடைசர் ஜெல்லை இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள். அதில் கிளிசரின் போன்றவை கலந்திருப்பதால் பிசுபிசுப்பு கடைசிவரை இருக்கும். "இது பாதிதான் ஆவியாகுது" என்று பிள்ளைகள் சொன்னால் அவர்கள் கண்டது சரிதான். 70 விழுக்காடு ஸ்பிரிட்டிலும் தண்ணீர் உண்டு, வாசனை போன பிறகும் கொஞ்சம் ஈரம் மிஞ்சும். அசிட்டோன் தெர்மாகோல் தட்டைக் கரைக்கும், வார்னிஷ் பூசிய மேசையைக் கெடுக்கும். அடியில் எவர்சில்வர் தட்டு வையுங்கள். ஸ்பிரிட்டும் அசிட்டோனும் எளிதில் தீப்பற்றும் என்பதால் அறையில் விளக்கோ ஊதுபத்தியோ இருக்கக் கூடாது, ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். பெட்ரோல் கொண்டுவரட்டுமா என்று ஒருவர் கேட்பார். வேண்டாம் என்பது ஒன்றே பதில்.

கொதிநிலைகளைப் பக்கத்தில் எழுதினால் வரிசை விளங்கும்: அசிட்டோன் 56 டிகிரி, ஸ்பிரிட்டில் உள்ள எத்தில் ஆல்கஹால் 78, தண்ணீர் 100. துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளர்ந்திருந்தால் சீக்கிரம் கழன்று போகும் என்பதுவரை ஆறாம் வகுப்புக்குப் போதும்.

இதோடு உப்புநீரைச் சேர்த்தால் பாடம் தூத்துக்குடி, வேதாரண்யம் வரை போகும். 100 மி.லி. தண்ணீரில் 36 கிராம் உப்புக்கு மேல் கரையாது. அந்த நிறை கரைசலையும் நல்ல தண்ணீரையும் 5 மி.லி. வீதம் துணியில் விட்டால் உப்புநீர்த் துணி தெளிவாகப் பின்தங்கும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டிய நாளில் அது காயவே காயாது. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதும், வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை நிற்பதும் இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை. உப்பளப் பாத்தி ஏன் ஆழமில்லாமல் பரந்து கிடக்கிறது என்பதற்குப் பிள்ளைகளே விடை சொல்வார்கள்.

மூடிய டப்பாவுக்குள் ஒரு சொட்டு

ஈரப்பதத்தைச் சோதனையில் காட்டுவதுதான் கடினம். கணக்கில் காட்டுவது சுலபம். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவி கொள்ளும். 5 லிட்டர் டப்பாவுக்குள் உள்ள காற்று? 0.15 கிராம், அதாவது மூன்று சொட்டு. அதிலும் ஈரப்பதம் 60 விழுக்காடு இருக்கும் நாளில் மிச்சம் இருக்கும் இடம் ஏறக்குறைய ஒரு சொட்டுக்குத்தான். ஈரத்துணியை அந்த டப்பாவில் போட்டு மூடினால் ஒரு சொட்டு ஆவியாகும், பிறகு நின்றுவிடும். கணக்கைப் போட்டுவிட்டு, 2 மி.லி. விட்ட துணியை உண்மையிலேயே டப்பாவில் மூடி, மறுநாள் திறந்து பாருங்கள். ஈரம் அப்படியே இருக்கும். இன்னொரு டப்பாவில் அதே துணியோடு 50 கிராம் சிலிக்கா ஜெல் வைத்தால் மறுநாள் காய்ந்திருக்கும். காலணிப் பெட்டியில் வரும் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருந்தால் அவை முன்பே ஈரம் குடித்திருக்க வாய்ப்பு அதிகம். மணிகளைக் கொட்டி வாணலியில் இளஞ்சூட்டில் வறட்டி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். சிலிக்கா ஜெல்லுக்குப் பதில் சுட்ட சுண்ணாம்புக் கல் வைக்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள், தண்ணீர் பட்டால் கொதிக்கும், கண்ணுக்கு ஆபத்து.

காற்றின் ஈரப்பதத்தை மதிப்பிட உதவும் ஈரக்குமிழ் வெப்பமானி செய்ய இரண்டு ஆய்வக வெப்பமானிகள் வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 35 டிகிரிக்குக் கீழே காட்டாது. ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறினால் சில நிமிடங்களில் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். 32 டிகிரி, 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள கடலோர நாளில் அது 27 அருகே நிற்கும். 38 டிகிரி, 30 விழுக்காடு உள்ள உள்மாவட்டக் கோடையில் 24 வரை இறங்கும். வெப்பம் கூடிய ஊரில் குமிழ் அதிகமாகக் குளிர்கிறது! மண்பானைத் தண்ணீர் சென்னையைவிட மதுரைக் கோடையில் நன்றாகக் குளிர்வது இதனால்தான். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் தேவை. அந்த வெப்பம் 100 கிராம் தண்ணீரிலிருந்து போனால் அது கிட்டத்தட்ட 6 டிகிரி குளிரும். அழகுக்காக வெளியே பெயின்ட் அடித்த பானை குளிராது.

தெர்மாகோல் பற்றிய கேள்வியை எதிர்பார்த்திருங்கள். 2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளியதும் கேலிப் படங்களாக இன்னும் சுற்றுகின்றன. சிரித்துவிட்டு விடாமல் தட்டில் செய்து பாருங்கள். தட்டின் நீர்ப்பரப்பில் பாதியை மறைக்கும் தெர்மாகோல் துண்டை மிதக்கவிட்டால், எடை குறைவதும் ஏறக்குறைய பாதியாகும். திறந்த நீர்ப்பரப்பைக் குறைத்தால் ஆவியாதல் குறையும் என்ற எண்ணத்தில் பிழையில்லை. நீர்த்தேக்கத்தின் பரப்பும் காற்றும்தான் கணக்கில் வரவில்லை. 2015இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நீர்த்தேக்கம் ஒன்றில் 9.6 கோடி கறுப்புப் பந்துகளைக் கொட்டினார்கள். அவற்றின் முதல் நோக்கம் வெயில் பட்டு நீரின் தரம் கெடாமல் காப்பது. ஆவியாதல் குறைந்தது கூடுதல் பலன். பந்துகள் பரப்பு முழுவதையும் நெருக்கி மூடியதால் காற்று தள்ள இடமில்லை.

குழுக்களின் எண்கள் ஒத்துவராமல் போவது வழக்கம். ஜன்னல் ஓரக் குழுவுக்கு அதிகம், சுவரோரக் குழுவுக்குக் குறைவு. அதைப் பிழை என்று அடிக்காமல் வகுப்பறை வரைபடத்தில் எழுதச் சொன்னால் அறைக்குள் காற்று போகும் வழி தெரியும். அடுத்த முறை குழுக்கள் இடம் மாறி உட்கார்ந்து அதே சோதனையைச் செய்யட்டும்.

விரித்த துணி, 5 மி.லி., விசிறி இல்லை, இருபது நிமிடம் என்ற ஒரே அளவில் ஒரு சோதனையை நவம்பரில் ஒருமுறையும் ஏப்ரலில் ஒருமுறையும் செய்து, போன எடையைத் தேதி, வெப்பநிலை, ஈரக்குமிழ் அளவோடு சுவர் அட்டையில் எழுதி வையுங்கள். துணிகளைச் சோப்பில்லாமல் அலசி உலர்த்தி, சிரிஞ்சோடு ஒரு டப்பாவில் போட்டு மூடினால் அடுத்த ஆண்டும் அவையே உதவும். அசிட்டோனும் எண்ணெயும் பட்ட சதுரங்களை மட்டும் எறிந்துவிடுங்கள். எண்ணெய் பட்ட துணியில் தண்ணீர் ஊறாது.